புது கார்டின் பாதிப் பற்கள்

அத்தியாயம் 8

கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் என்று தங்கை மாதக்கணக்கில் மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆள்தான் கதவைத் திறந்தார். அவரைப் பார்த்து, "வணக்கம் சார், நல்லா இருக்கீங்களா?" என்றாள்.

அவள் வேலை அப்படி. பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியில் கத்துகிறவர்களிடமும், காத்திருந்து கடுப்பாகித் திட்டுகிறவர்களிடமும் ஒரே குரலில் பேசிப் பழகியவள். உள்ளே எது கொதித்தாலும் வெளியே வருவது தேன் தடவிய குரல்தான்.

கதவைத் திறந்தவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். கணினிச் சாமான்களை ஓட்டிப் பார்த்து, எது நல்லது, எது மட்டம் என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லும் பரிசோதனைக் கூடத்தின் தலைவர். தங்கையின் அண்ணன் அவருக்குக் கீழேதான் வேலை பார்த்தான். இப்போது ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான்.

"போன்ல சொன்னேனே சார், இவங்கதான்," என்று தங்கை பின்னால் கைகாட்டினாள்.

முதலில் உள்ளே வந்தவள் ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண். துப்பறிய வருவதற்கு முன் ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்தவள். அதனால் சிக்னல் மேடம். அவளை அடுத்து வந்த பருத்த உதவியாளனுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க அவன் இடம் கொடுத்தால்தானே.

"பயப்படாதீங்க சார், உங்களைக் கைது பண்ண வரல," என்றான் ஸ்பீக்கர். "எங்களுக்கு அதிகாரமும் கிடையாது, வண்டில இடமும் கிடையாது."

தராசு சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். சுற்றிலும் மேசை மேசையாக இயந்திரங்கள் வயிறு திறந்து கிடந்தன. விசிறிகளின் இரைச்சலில் எல்லோரும் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"பழைய கதைதான்," என்றார் தராசு. "ஒரு ஆஸ்பத்திரி. ஸ்கேன் படமெல்லாம் சேமிக்கப் பெரிய சர்வர் வாங்கறாங்க. எந்த ரெய்டு கார்டு போடலாம்னு நம்மளைக் கேட்டாங்க."

"அந்தக் கார்டு என்ன பண்ணும்?"

"பல டிஸ்க்கை ஒண்ணாக் கட்டி மேய்க்கும். ஒரு டிஸ்க் செத்தாலும் உள்ள இருக்கற தகவல் சாகாது. மத்தது சமாளிச்சுக்கும்."

"கூட்டுக் குடும்பம்," என்றான் ஸ்பீக்கர். "ஒருத்தர் படுத்துட்டா மத்தவங்க பார்த்துப்பாங்க. என்ன, டிஸ்க் புறணி பேசாது."

"மூணாம் தலைமுறை கார்டு ஒண்ணு, நாலாம் தலைமுறை கார்டு ஒண்ணு. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, புதுசு ரெண்டு மடங்குக்கு மேல வேகம்னு இவங்க அண்ணன் எழுதினான். சரின்னு ஆஸ்பத்திரிலயே அவங்க முன்னாடி ஓட்டிக் காட்டச் சொன்னேன்." தராசு கையை விரித்தார். "பழைய கார்டு ஜெயிச்சுது. பாதி வேகம்கூட வரல புதுசுக்கு. இல்லாத வேகத்தை ஒருத்தன் எழுதறான்னா என்ன அர்த்தம்? விக்கறவன்கிட்ட கை நீட்டியிருக்கான். அதை அங்கயே சொன்னேன்."

அந்த ஆஸ்பத்திரி அறையில் அண்ணனின் பெயர் போனது அப்படித்தான். அதற்குப் பிறகு ஒரு கூடமும் அவனை உள்ளே விடவில்லை. தங்கை சிக்னல் மேடத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இதைச் செய்தவன் அதே அறையில், அதே ஆட்கள் முன்னால், அதே மாதிரி நிற்க வேண்டும். செய்தவன் தராசு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கீழே வேலை பார்க்கும் கெட்டிக்காரன் மேலே வந்தால் தலைவன் நாற்காலி ஆடும் அல்லவா?

"அன்னிக்கு வந்த கிராஃப் இருக்கா?" என்று கேட்டாள் சிக்னல் மேடம்.

தராசு திரையில் காட்டினார். டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய் வேகத்தை அளந்த படம். பழைய கார்டின் கோடு மாடிப்படி போல ஏறிக்கொண்டே போனது. புது கார்டின் கோடு விறுவிறுவென்று கிளம்பி, இரண்டாவது டிஸ்க்கில் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை டிஸ்க் சேர்த்தாலும் மேசைப் பலகை மாதிரி ஒரே மட்டம்.

"ஒரு தடவைதான் ஓட்டினீங்களா?"

"திரும்பத் திரும்ப ஓட்டினோம். இதே உயரம்தான். அச்சு அசல்."

சிக்னல் மேடம் ஸ்பீக்கரைப் பார்த்தாள். "நீ மாடிப்படி ஏறினா எங்க நிப்ப?"

"மூச்சு எங்க நிக்குதோ அங்க மேடம்."

"தினமும் ஒரே படியிலயா?"

"அது எப்படி? சாப்பிட்டதைப் பொறுத்தது. ஒருநாள் கீழ, ஒருநாள் இன்னும் கீழ."

"அதான். சோம்பேறி ஒரே இடத்துல நிக்க மாட்டான், முன்ன பின்ன தடுமாறுவான். ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல தலை இடிச்சா அது சோம்பேறித்தனம் இல்ல. மேல யாரோ கூரை போட்டிருக்காங்க." அவள் விரல் அந்தத் தட்டைக் கோட்டைத் தடவியது. "ஒரு ரயில் மெதுவா வந்தா டிரைவரைக் கேப்போம். எப்ப வந்தாலும் ஒரே வேகத்துல மெதுவா வந்தா, டிரைவரை விட்டுட்டுத் தண்டவாளத்தைப் பார்ப்போம்."

தராசின் புருவம் சுருங்கியது. "பாதையோட அகலத்தைச் சொல்றீங்க. அது நடக்காது. இந்தக் கார்டு மெஷினோட எட்டு வழில பேசும். ஏழு வழி அடைஞ்சு ஒரே வழில ஓடினா இப்படி வரும்தான். ஆனா அகலத்தைப் பார்த்துட்டுதான் நாங்க ஆரம்பிப்போம்."

"அன்னிக்குப் பார்த்தீங்களா?"

தராசு கிராஃபை இன்னொரு தடவை பார்த்தார்.

"கார்டு கூடத்துக்கு வந்த அன்னிக்குப் பார்ப்போம்," என்றார் தராசு மெல்ல. "அப்புறம் அதே கார்டு, அதே மெஷின். திரும்பத் திரும்ப யாரும்... பார்க்கறதில்ல."

"கல்யாணத்தன்னிக்கு ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு, அப்புறம் ஜென்மத்துக்கும் நிமிர்ந்தே பார்க்காத கதை," என்றான் ஸ்பீக்கர்.

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. அந்த அறையில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

புது கார்டு அலமாரியின் அடித்தட்டில், வெள்ளிப் பையில், தோற்றுப்போன நாளிலிருந்து யாரும் தொடாமல் கிடந்தது. உள்ளங்கையை விடச் சற்றே பெரிய பச்சைப் பலகை. இயந்திரத்துக்குள் செருகும் விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். தராசு உருப்பெருக்கி விளக்கை இழுத்துக் கொடுத்தார். சிக்னல் மேடம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நீ பல் ஆஸ்பத்திரிதானேம்மா? இந்த வாயைப் பார்த்துச் சொல்லு."

தங்கை குனிந்தாள். முன்பக்கப் பற்கள், ஒரு கொத்து, கைபட்டு மங்கியிருந்தன. அதைத் தாண்டி மறுகோடி வரை எல்லாம் பளபளவென்று, பெட்டியிலிருந்து இப்போதுதான் எடுத்த மாதிரி.

"பாதிப் பல்லை மட்டும் யாரோ விளக்கியிருக்காங்க," என்றாள்.

"உங்க ஆஸ்பத்திரிக்கு அப்படி யாராவது வந்தா?"

"மத்த பாதில பிரஷ் வைக்க முடியாத அளவுக்கு வலின்னு அர்த்தம்."

"இங்க வலி உங்க அண்ணனுக்கு," என்றாள் சிக்னல் மேடம். "எதையோ பூசி இந்தப் பல்லையெல்லாம் மூடியிருக்காங்க. கார்டு தனக்கு ஒரு வழிதான் இருக்குன்னு நம்பியிருக்கு. காரியம் முடிஞ்சதும் சுத்தமாத் துடைச்சாச்சு. மூடினதை மட்டும் துடைச்சதுதான் தப்பு. மொத்த வாயையும் துடைச்சிருந்தா நானே ஏமாந்திருப்பேன்."

தங்கை இன்னும் விளக்கின் அடியிலேயே குனிந்திருந்தாள். கடைசி இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு துகள். கடுகில் கால் பங்குகூட இருக்காது. கார்டைச் சாய்த்தபோது அது நீலமாக ஒரு தடவை மினுக்கியது.

"ஏதோ தூசி இருக்கு," என்றாள். குரல் மாறவில்லை. ஆனால் அவளுடைய வலது கை தானாகப் போய்க் கைப்பைக்குள் ஒளிந்துகொண்டது. சிக்னல் மேடம் துகளையும் பார்த்தாள், கையையும் பார்த்தாள்.

"இந்த அலமாரி சாவி யார்கிட்ட இருக்கும் சார்?" என்றான் ஸ்பீக்கர்.

"என்கிட்ட மட்டும்தான்."

"நல்ல வேளை, இதை எங்ககிட்ட சொன்னீங்க. போலீஸ்கிட்ட சொல்லியிருந்தா அவங்க டீ குடிக்காமலே கேஸை முடிச்சிருப்பாங்க."

*

காருக்குள் ஏறியதும் ஸ்பீக்கர் ஸ்டியரிங்கைத் தட்டினான். "மாட்டினார் தராசு! சாவி அவர்கிட்ட, கார்டு அவர்கிட்ட, நாற்காலி ஆசையும் அவர்கிட்ட. என்ன சிஸ்டர், இனிப்பு வாங்கித் தரணும் நீங்க!"

தங்கை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஆசைப்பட்ட பதில்தான் கிடைச்சிருக்கு," என்றாள் சிக்னல் மேடம். "முகத்துல சந்தோஷத்தைக் காணோமே. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி கார்டு எங்கம்மா இருந்துச்சு?"

"கூடத்துல."

"அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்கா?"

சிக்னலில் கார் நின்றது. சாலையைக் கடந்தவர்கள் எல்லோரும் கடந்து முடித்தார்கள். பச்சை விழுந்தது.

"அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தான்," என்றாள். "கார்டைக் கூடத்தை விட்டு வேற எங்கயும் வெச்சுக்கக் கூடாதுன்னு விதி. ஆனா அந்த ஆஸ்பத்திரி எங்க வீட்டுக்குப் பின்னாலதான். காலைல சீக்கிரம் போகணும்னு முந்தின நாள் சாயங்காலமே தன் மேசைலேர்ந்து எடுத்துட்டு வந்து எங்க வீட்டுல தங்கினான். இது தெரிஞ்சா இருக்கற பழியோட இதுவும் சேரும்னு யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயும் சொல்லல."

"வீட்டுல யார் யாரு?"

"நான். என் வீட்டுக்காரர்."

ஸ்பீக்கர் கண்ணாடி வழியே அவளைப் பார்த்தான்.

"நகத்துல பூச ஒரு பாட்டில் வெச்சிருக்கேன் மேடம். நிறமே இருக்காது. சாய்ச்சுப் பார்த்தா மட்டும் லேசா நீலமா மினுக்கும். அண்ணனுக்கு வேலை போனதுலேர்ந்து நான் பூசறதில்ல." அவள் தன் வெறும் நகங்களைப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர் இந்த மாதிரி கார்டுங்களை வாங்கி விக்கறவர்தான். போன தலைமுறைல ஒரு கம்பெனிக்கு அவர்தான் ஏஜென்ட். அந்தக் கார்டை அண்ணன் டெஸ்ட் பண்ணிட்டு, முந்தினதை விட மயிரிழைகூட வேகம் இல்ல, மேல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் மட்டும்தான் புதுசுன்னு எழுதிட்டான். சரக்கு அப்படியே தங்கிடுச்சு. ஏஜென்சி போச்சு. 'தொழில்னா அப்படித்தான் மச்சான், விடு'ன்னு சிரிச்சார். அவ்வளவு பெருந்தன்மையான மனுஷன் என் வீட்டுக்காரர்னு நான் பெருமைப்பட்டேன்."

"டெஸ்ட்ல தோத்தப்புறம் கார்டு யார் கையில இருந்துச்சு?"

"அவர் கையில. கீழ கார்ல காத்துக்கிட்டு இருந்தார். 'பையை என்கிட்ட குடு மச்சான், உன் கை நடுங்குது'ன்னு வாங்கிக்கிட்டார். அவரே கூடத்துல கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தார். இப்பவும் வாரா வாரம் அண்ணனைப் பார்க்கப் பழம் வாங்கிட்டுப் போறார் மேடம். பழம்!"

முதல் முறையாக அவள் குரலில் தேன் இல்லை.

சிக்னல் மேடம் அவள் பக்கம் திரும்பினாள். "துடைச்ச கார்டு, ஒரு துகள். இது கோர்ட்ல நிக்காது."

"எனக்குக் கோர்ட் வேண்டாம். நான் கேட்டது அந்த அறையை."

"நீ கேட்டப்போ அது தராசுன்னு நினைச்சுக் கேட்ட. இது உன் வீடும்மா."

"அண்ணன் யார் வீடு?"

தங்கை கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "ஸ்பீக்கர் அண்ணே, அவர்கூடத் தொழில் பண்றவங்க நம்பர் எல்லாம் என்கிட்ட இருக்கு. பண்டிகை, கல்யாணம்னா நான்தான் எல்லாரையும் கூப்பிடுவேன். நீங்க அவங்க கடை கடையாப் போய் வாயைக் கிளறுங்க. அது உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

"சிஸ்டர், வாயைக் கிளறச் சொல்லி முதல் தடவையா ஒருத்தர் என்னைக் கேக்கறாங்க. எல்லாரும் மூடத்தான் சொல்லுவாங்க."

*

வீட்டில் கணவன் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவள் தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, எதிரே அமர்ந்தாள்.

"ஆஸ்பத்திரில மறுபடி டெஸ்ட் வெக்கறாங்களாம். அண்ணனைக் கூப்பிட்டிருக்காங்க."

அவன் கை ஒரு கணம் நின்றது. "எதுக்கு? புண்ணைக் கிளறவா? அவன் இப்பதான் கொஞ்சம் தேறி வர்றான்."

"நானும் அதான் சொன்னேன். தராசு கேக்கல. தனியா வர அண்ணன் பயப்படறான். நீங்க பக்கத்துல இருந்தா தைரியமா இருப்பான்."

"நானா?"

"வேற யாரு? அன்னிக்கும் நீங்கதானே தாங்கிப் பிடிச்சீங்க."

அவன் நெகிழ்ந்துவிட்டான். எழுந்து வந்து அவள் தலையைத் தடவினான். "கவலைப்படாதே. உங்க அண்ணனுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"

"ஆமாங்க," என்றாள் தங்கை. "அதுதான் உண்மை." தட்டு காலியாகும் வரை அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்றும் கேட்டாள்.

*

அதே அறை. நீள மேசை, சுவரில் பெரிய திரை, முன் வரிசையில் அன்றைக்கு வந்த அதே மருத்துவமனை அதிகாரிகள். கிடங்கின் சட்டையோடே அண்ணன் வந்திருந்தான். மேசை மேல் திறந்து கிடந்த சர்வரை அவன் நேராகப் பார்க்கவே இல்லை, யாரோ பழைய சிநேகிதனைக் கடைத்தெருவில் தவிர்ப்பவன் மாதிரி.

கணவன் அவன் தோளில் கை போட்டபடி உள்ளே நுழைந்து, பின் வரிசையைப் பார்த்ததும் நின்றான். கேபிள் கடைக்காரர், டிஸ்க் மொத்த வியாபாரி, பழைய சர்வர் வாங்கி விற்கும் சகோதரர்கள், சங்கத் தலைவர். தொழிலில் அவனோடு கைகுலுக்குகிற அத்தனை பேரும்.

"இவங்களை யாரு கூப்பிட்டது?"

"நான்தாங்க."

"எதுக்கு?"

"எல்லாருக்கும் போன் பண்ணி நேரம் வாங்கினேன். ஒருத்தர்கூட வரலைன்னு சொல்லல. உட்காருங்க."

தராசு அண்ணனிடம் புது கார்டை நீட்டினார். "நீயே போடு. இந்தத் தடவை முதல்ல அகலத்தைப் பாரு."

அண்ணன் கார்டைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போல் வைத்திருந்தான். பிறகு செருகினான். இயந்திரம் எழுந்தது. "எட்டு," என்றான், வறண்ட குரலில். டிஸ்க்குகள் ஒவ்வொன்றாகச் சேர, திரையில் கோடு ஏறியது. இரண்டாவது டிஸ்க்கைத் தாண்டியது. நாலைத் தாண்டியது. பழைய கார்டு அன்றைக்குத் தொட்ட உச்சத்தைப் பாதி வழியிலேயே முந்திக்கொண்டு போய், திரையின் மேல் விளிம்பை முட்டியது.

முன் வரிசையில் சலசலப்பு. "அப்போ அன்னிக்கு நடந்தது என்ன?" என்று ஒரு அதிகாரி கேட்டார்.

"அதையும் இப்பவே காட்டிடலாம் சார்," என்று தங்கை எழுந்தாள்.

அண்ணன் கார்டை வெளியே எடுத்தான். அவள் மேசை மேல் ஒரு காகிதத்தை விரித்து, அதன் மேல் கார்டைப் படுக்க வைத்து, கைப்பையிலிருந்து சின்ன பாட்டிலை எடுத்தாள். கணவனின் நாற்காலி கிரீச்சிட்டது. சிக்னல் மேடம் விரலால் காட்டிய பல்லிலிருந்து தொடங்கி, தன் நகங்களுக்குப் பூசுவது போலவே, ஒரே இழுப்பு, நிதானமாக, ஒவ்வொன்றாகப் பூசிக்கொண்டே போனாள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் பூசினாள்.

"காயணும்," என்றாள்.

பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் நகப்பூச்சு காய்வதற்காகக் காத்திருந்தார்கள். அறை முழுக்க அந்த வாசனை. ஸ்பீக்கர், "ஊதட்டுமா? எனக்குக் காத்து ஜாஸ்தி," என்றான். யாரும் சிரிக்கவில்லை. கணவன் சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டான். குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அண்ணன் கார்டைச் செருகினான். திரையைப் பார்த்தான். இந்த முறை அவன் குரல் வறண்டிருக்கவில்லை. "ஒண்ணு," என்றான். "ஒரே ஒரு வழி."

கோடு கிளம்பியது. இரண்டாவது டிஸ்க்கில் படுத்தது. மேசைப் பலகை.

தராசு எழுந்துவிட்டார். "யாரு? யாரு பண்ணினது?"

"முந்தின நாள் கார்டு எங்க வீட்டுல இருந்தது சார். விதியை மீறினது அண்ணன் தப்பு, ஒத்துக்கறோம்." தங்கை பாட்டிலின் மூடியைத் திருகினாள். "பாட்டில் என்னோடது. வீட்டுல மூணு பேர். அண்ணன் தன் கழுத்துல தானே சுருக்குப் போட்டுக்க மாட்டான். மிச்சம் நானும் இவரும்." அவள் திரும்பினாள். "என்னங்க, நீங்களே சொல்லிடுங்க. நானா, நீங்களா?"

மன்னிப்புக் கேட்டிருந்தால் அவள் அங்கேயே நிறுத்தியிருப்பாள். வழி நெடுக அவள் பயந்ததும் அதற்குத்தான். அழுவான், காலைப் பிடிப்பான், தான் உருகிவிடுவோம் என்று.

கணவன் எழுந்து நின்றான். அறையை ஒரு சுற்றுப் பார்த்தான்.

"இவதான்," என்றான். "சின்ன வயசுலேர்ந்தே அண்ணன் மேல இவளுக்குப் பொறாமை. வீட்டு மானம் போகக் கூடாதுன்னு நான் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப இவளே ஆரம்பிச்சுட்டா."

தங்கையின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. உள்ளே, உருகுவதற்கென்று மிச்சமிருந்த ஏதோ ஒன்று கல்லாகிவிட்டது.

"அப்படியா தம்பி?" பின் வரிசையிலிருந்து கேபிள் கடைக்காரர் எழுந்தார். பெரிய தொப்பை, சாவகாசமான குரல். "டேப் ஒட்டினா கண்ணுக்குத் தெரியும், நகப் பூச்சுன்னா எவன் அப்பனுக்கும் தெரியாது, நல்ல கார்டையும் நொண்டியாக்கிக் காட்டலாம்னு என் கடையில உக்காந்து விலாவாரியா சொன்னது யாரு? உன் பொண்டாட்டியா?"

"எங்ககிட்டயும் சொன்னான்," என்றார்கள் சகோதரர்கள்.

"போன வாரம் இந்தத் தம்பி வந்து பேச்சுக் குடுக்கறப்பதான் எனக்கே உறைச்சுது," என்று கேபிள் கடைக்காரர் ஸ்பீக்கரைக் காட்டினார். "நீ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சேன். மச்சான் சோத்துலயே மண்ணள்ளிப் போட்டிருக்கியே."

கணவனின் முகம் கறுத்தது. இனி நடித்துப் பயனில்லை என்று தெரிந்ததும் அவன் அண்ணன் பக்கம்தான் பாய்ந்தான். "என்னை நீ எங்க நிறுத்தின? தங்கச்சி புருஷன்னு பார்த்தியா? ஒரு வரி, ஒரே ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா என் சரக்கு போயிருக்கும்! ஊருக்கே நியாயம் பார்த்த, வீட்டுக்குப் பார்த்தியா? நீ என்னை முடிச்ச. நான் உன்னை முடிச்சேன். கணக்கு நேர்."

அண்ணன் இன்னும் சர்வர் பக்கம்தான் நின்றிருந்தான். கார்டை வெளியே எடுத்து, நகப்பூச்சு நீக்கும் ரிமூவரில் நனைத்த பஞ்சால் பற்களைத் துடைக்க ஆரம்பித்தான். எல்லாப் பற்களையும், ஒன்று விடாமல்.

"உங்க கார்டு மட்டம், மாப்பிள்ளை," என்றான். "அப்பவும் மட்டம். இன்னிக்கு எடுத்துட்டு வாங்க, இவங்க எல்லார் முன்னாடியும் ஓட்டறேன். அதையேதான் சொல்வேன்."

பின் வரிசையில் யாரோ கெக்கலித்தார்கள். கணவன் வாசலை நோக்கி நடந்தான். நாற்காலிகளுக்கு நடுவே வழி குறுகல். வழக்கமாக அவனைக் கண்டதும் எழுந்து கைகொடுக்கிறவர்கள் ஒருவரும் காலை மடக்கவில்லை. அவன் பக்கவாட்டில் ஒதுங்கி, ஒவ்வொரு முழங்காலாக இடித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது.

தங்கையைத் தாண்டும்போது நின்றான். "வீட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"சாவியை மேசை மேல வெச்சுட்டுப் போங்க," என்றாள். "வீடு என் சம்பளத்துல ஓடுது. உங்க துணிமணியைக் காலைலயே கட்டி வாசல்ல வெச்சுட்டேன்."

சாவி மேசையில் விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கதவு மூடியது. சிக்னல் மேடம் பாட்டிலைத் தங்கையின் பக்கமிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அதிகாரிகள் எழத் தொடங்கினார்கள். தராசு நெற்றியைத் துடைத்துக்கொண்டு அண்ணன் அருகில் வந்தார். அவன் காதுப்பக்கம் குனிந்து, "நடந்தது நடந்து போச்சுப்பா. திங்கட்கிழமை வேலைக்கு வந்துடு," என்றார்.

"வர்றேன் சார்," என்றான் அண்ணன். கார்டை வெள்ளிப் பைக்குள் போட்டு மடித்தான். "ஆனா நான் கை நீட்டினேன்னு சொன்னப்போ நீங்க காதுல சொல்லல."

தராசு நிமிர்ந்தார். அண்ணனைப் பார்த்தார். விளையாட்டில்லை என்று தெரிந்தது. எழுந்தவர்கள் ஏதோ நடக்கிறது என்று மறுபடி உட்கார்ந்தார்கள். அவர் மேசையின் நடுவுக்கு வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"இவனைப் பத்தி... இவரைப் பத்தி நான் சொன்னது தப்பு. இவர் எழுதினது ஒவ்வொண்ணும் சரி."

சொல்லிவிட்டு உட்காரப் போனார். தங்கை ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, சாவகாசமாக அமர்ந்துகொண்டாள். அண்ணன் அவளைப் பார்த்தான், பின் வரிசையைப் பார்த்தான்.

"அங்க கடைசில இருக்கறவங்களுக்குக் கேக்கல சார்," என்றான். "திரும்பச் சொல்லுங்க."